தவிட்டுக்குப் போன பயல்

என் மகனை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றேன். அதிலும் நல்ல தவிடு இல்லை. உமியும் கல்லுமாகக் கடை மூலையில் கிடந்த கழிசல். எங்கள் வீட்டுப் பசு ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பிள்ளைக்கு விலை என்று ஆன பிறகு கொஞ்சம் சலித்தாவது கொண்டுவந்திருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கே கோபம். பிள்ளை பெற்ற உடம்பில் சண்டை போடத் தெம்பில்லாததால் பேசாமல் படுத்திருந்தேன்.

விற்ற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் காலம் அது. புதுச்சேரியை அடுத்த பாகூர் கொம்மின் என்கிற வட்டாரத்தில், ஏரிப் பாய்ச்சலில் எங்களுக்கு நிலம் இருந்தது. நெல்லுக்கும் கரும்புக்கும் குறைவில்லை. பிள்ளைதான் தங்கவில்லை. முதல் இரண்டும் தவழ்வதற்கு முன்பே போய்விட்டன. நான் அவற்றை மாய்ந்து மாய்ந்து கொஞ்சினேன், அதனால்தான் கண்பட்டது என்று ஊரே பேசியது. மூன்றாவதாக இவன் பிறந்தபோது, பிரசவம் பார்த்தவள் கொடியை அறுத்த கையோடு சொல்லிவிட்டாள்.

“இதத் தவிட்டுக்கு வித்துடுங்க. இவளுதுன்னு தெரிஞ்சாத்தான எமன் இந்த வூட்டுக்கு வருவான்?”

எதிர் வீட்டில் மளிகைக் கடை. வியாபாரக் குடும்பம். கடைக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அண்ணி என்று. அண்ணிக்கு மூன்று பெண்கள், மூன்று பேரையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட வாட்டசாட்டம். தீட்டு கழிந்த அன்று தவிட்டு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாடி, தவிட்டுக்குப் புள்ள இருக்குதாமே?” என்று கத்தரிக்காய் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

“குப்பையில ஒண்ணு கெடக்குது அண்ணி. வேணும்னா எடுத்துக்கினு போங்க” என்றேன். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இறங்கின வேகத்தில் திரும்பி வந்து என் மடியில் போட்டாள். “எனக்குக் கடையில வேல தலைக்குமேல கெடக்குது. பால் குடுத்து வளத்து வெய்யி” என்றாள். அன்று முதல் நான் என் பிள்ளைக்குப் பால் கொடுக்க வைத்த ஆள், அவ்வளவுதான்.

இதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. மூன்றாம் வயதில் ஏரிக்கரை ஐயனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது, ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். வாங்கினவள் மனசாரக் கொடுக்கவேண்டும். முகம் கோணிக் கொடுத்தால் ஒட்டாது. அதுவரை அவன் அண்ணியைத்தான் அம்மா என்று கூப்பிடவேண்டும். நான் அத்தை. என் வாயால் ‘என் பிள்ளை’ என்று ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுக்காரரை அவன் மாமா என்றான். அவரும் வெட்கமில்லாமல் “இன்னா மாப்ள?” என்று திரும்பக் கேட்பார். ஆண்களுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

பயல் நடக்கப் பழகவில்லை, நேராக ஓடத்தான் பழகினான். விடிந்ததும் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, அது பால் முழுவதையும் குடித்துத் தீர்க்கும்வரை பக்கத்தில் நின்று கை தட்டுவான். நான் வெறுஞ்சொம்போடு நிற்பேன். விதைப்புக்கென்று ஊறவைத்து முளைகட்டியிருந்த நெல்லைச் சாக்கோடு இழுத்துக் கவிழ்த்து, தெருக்கோழி அத்தனைக்கும் விருந்து வைத்தான். அவனுடைய மாமா வந்து பார்த்துவிட்டு, “மாப்ள வெதப்ப ஆரம்பிச்சிட்டாரு” என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து அன்றைக்குச் சோறு போடவில்லை. கடைக்காரர் வீட்டில் போய் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தார்கள்.

விற்றதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பானை விற்க வந்தவள் இறக்கிவைத்த கூடையில் பயல் கல்லைப் போட்டுவிட்டான். அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு வர்ற? நான் வித்தாச்சி. வாங்கினவங்க எதிர்ல இருக்காங்க, போய்க் கேளு” என்றேன்.

அண்ணிதான் அவளுக்கு அரிசி அளந்து போட்டாள். அதற்கு அண்ணி பழி வாங்காமல் இருந்ததும் இல்லை. பயலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கக் கேட்க வெல்லம் கொடுப்பாள். வயிறு கலகலத்து அவன் காலெல்லாம் வழியும்போது, இரண்டு கையாலும் எட்டப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வருவாள். “இந்தா, வயித்தால போவுது. வளக்கறவ நீதான?” என்று வாசலில் இறக்கிவிட்டுப் போவாள்.

பயலுக்கு இந்த இரண்டு வீட்டு நியாயம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. நான் கையை ஓங்கினால் போதும், அடி விழும் முன்பே தெருவுக்குக் குறுக்கே ஓடி, “அம்மா, அத்த அட்ச்சிச்சி!” என்பான். அண்ணி கையில் எது இருக்கிறதோ அதோடு வருவாள். ஒருநாள் தராசுத் தட்டோடு வந்தாள். “எம் புள்ளமேல கை வெச்சியா? நல்லா இருப்பியாடி நீ?” என்பாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று எனக்குச் சில நாள் பிடிபடாது. அவனுக்கு அம்மை வார்த்தபோது கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டிலேயே வேப்பிலையோடு கிடந்தவள் அவள். அதனால் என்னால் எதிர்த்தும் பேச முடியாது. உள்ளே போய் அடுப்பை ஊதுவேன்.

கொம்மின் போலீஸ்காரர் வந்த நாளன்றுதான் எனக்குப் பொறுமை போயிற்று. அந்த நாளில் நம் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்குச் செக்கச்செவேலென்று ஒரு தொப்பி. அவர் கடையில் உட்கார்ந்து பானகம் குடிக்கத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். குடித்துவிட்டுப் பார்த்தால் தொப்பி இல்லை. பயல் அதைக் கொண்டுபோய் எங்கள் கழுநீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, உள்ளே ஒரு கோழிக்குஞ்சையும் உட்காரவைத்திருந்தான். சர்க்கார் தொப்பியில் கோழிக்குஞ்சு கப்பல் போய்க்கொண்டிருந்தது.

“யாரு வூட்டுப் புள்ள இது?” என்று போலீஸ்காரர் கத்தினார். தலையில் வழுக்கை. தொப்பி இல்லாமல் ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் அண்ணியைக் காட்டினேன். “தவிட்டுக்கு வாங்கினது அவங்க.”

அண்ணி என்னைக் காட்டினாள். “பெத்து எறக்கினது அது.”

“ரெண்டு பேருக்கும் வேணாமா? அப்ப சர்க்காருக்குச் சொந்தம்” என்று அவர் பயலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஈரத் தொப்பி அவன் தலையில் மூக்குவரை இறங்கியிருந்தது. மற்ற பிள்ளைகளாயிருந்தால் அலறியிருக்கும். இவன் உயரமான இடம் கிடைத்த சந்தோஷத்தில், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் காதைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனான். தெரு முழுக்கச் சிரித்தது. அவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று எனக்கும் தெரியும். ஆனால் தெரு முனைவரை போயும் அவர் திரும்பி வரவில்லை.

அண்ணி ஓடினாள். முந்தானை தெருவில் புரள, “எம் புள்ள! எம் புள்ளயக் குடுய்யா! எம் புள்ள!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், வாயை மூடிக்கொண்டு. அதே வார்த்தை என் தொண்டைவரைக்கும் வந்தது. முதல் இரண்டையும் நினைத்துக்கொண்டு விழுங்கினேன். பெற்றவள் ஊமையாக ஓட, தவிடு கொடுத்தவள் ஊரைக் கூட்டினாள். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே பயலை அண்ணி கையில்தான் கொடுத்தார். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, டொப்பி” என்றான்.

அன்று சாயங்காலம் நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், மூன்றாம் வயது பிறந்ததோ இல்லையோ, எனக்கு என் பிள்ளை வேண்டும் என்று. அவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார்.

மூன்றாம் வயது பிறந்ததும் நாள் பார்க்கப் போனேன். அண்ணிக்கு ஒவ்வொரு மாதத்திலும் ஒரு குறை கிடைத்தது. ஆடியில் ஆகாது என்றாள். ஐப்பசியில் மழை, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றாள். மார்கழியில் யாராவது மொட்டை போடுவார்களா என்று என்னையே திட்டினாள். தை பிறந்ததும் சாக்கு தீர்ந்துபோய், “சரி, வெச்சிக்கோ. ஆனா எங்க அண்ணன்தான் மடியில வெச்சிக் காது குத்துவான். வில்லியனூர்ல கடுக்கன் செஞ்சி ரெடியா வெச்சிருக்கான்” என்றாள்.

தாய்மாமன் மடியில்தான் காது குத்தவேண்டும் என்பது ஊரறிந்தது. எனக்கும் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லையில், கடலூர்ப் பக்கத்தில் ஊர். ரோஷக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும்போதெல்லாம் சுங்கச் சாவடியில் பிரெஞ்சு எல்லைச் சரக்கு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று இடுப்புவரை அவிழ்த்துச் சோதிப்பார்கள். “தங்கச்சிய இங்க குடுத்த பாவத்துக்கு நான் அம்மணமா நிக்கணுமா?” என்று அதற்கும் என்னிடம்தான் கோபித்துக்கொள்வார். அவர் மடி இல்லையென்றால் இந்த ஜன்மத்தில் என் வாசலை மிதிக்கமாட்டார். அவரும் கடுக்கன் செய்துவிட்டார்.

“அவன் இன்னும் எம் புள்ள. அப்ப மாமன் எங்க அண்ணந்தான?” என்றாள் அண்ணி. கேட்டால் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டுக்காரர் ஏரித் தண்ணீருக்கு முறை பிரித்துவிடுகிறவர். எந்த வழக்கையும் மடை திறப்பதுபோலத்தான் தீர்ப்பார். “மொற வெச்சிக்கலாம்” என்றார். “புள்ள அவங்களுதா இருக்கும்போது வலது காது, அவங்க அண்ணன் மடியில. அப்புறம் தவிட்டக் குடுத்து மீட்டுக்கறோம். மீட்டதும் எடது காது, எம் மச்சான் மடியில.”

“காது இன்னா வாய்க்காலா?” என்றார் என் அண்ணன். ஆனாலும் ஒப்புக்கொண்டார். எல்லாருக்கும் திருப்தி. எங்கள் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். காது குத்தினால் வலிக்கும் என்பதும், ஒரு காது குத்தி முடிந்தவன் இன்னொரு காதைக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டான் என்பதும் இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஐயனார் கோயிலுக்கு நான் கொண்டுபோன தவிட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். புது நெல் குத்தி, மூன்று தடவை சலித்து, பவுடர் மாதிரி வைத்திருந்தேன். புது முறம், நாலு பக்கமும் மஞ்சள். அண்ணி அன்றைக்குக் கொடுத்த கழிசலுக்குப் பதில் இது என்று அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் செய்தேன். உறைத்தது. ஒருமுறை பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. சந்தனம் பூசிய மண்டையோடு, வாய் நிறைய வெல்லத்தோடு பயல் வில்லியனூர் மாமன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்தான். தட்டார் கம்பியை எடுத்தார். வலது காதில் ஏறியது.

அந்த அலறல் ஏரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். அவன் மாமன் கட்டைவிரலைக் கடித்தான். மாமன் அலறினார். பிடி தளர்ந்ததும் நழுவி ஓடினான். உடம்பெல்லாம் எண்ணெய், மேலே துணி கிடையாது, பிடித்தவர் கையெல்லாம் வழுக்கியது. ஒரு காதில் கடுக்கன் பளபளக்கக் கோயிலை இரண்டு சுற்று சுற்றினான். தட்டார் கம்பியோடு பின்னால் ஓடினார், அதைப் பார்த்து இவன் இன்னும் வேகமாக ஓடினான். கடைசியில் ஒதுங்க இடமில்லாமல் என் புது முறத்துக்குள் போய் ஏறிக்கொண்டான். கிட்டே போனவர்கள் மேலெல்லாம் இரண்டு கையாலும் தவிட்டை வாரி இறைத்தான். வில்லியனூர் மாமனுக்கு ஒரு கை, கடலூர்ப் பக்கத்து மாமனுக்கு ஒரு கை, பூசாரிக்கு ஒரு கை. அண்ணி “வாடா எஞ் செல்லம்” என்று குனிந்தாள். அவளுக்கு அடிமேல் அடி. தலை, புருவம், ரவிக்கை எல்லாம் தவிடு. மீதியைக் கோயில் ஆடுகள் வந்து சுத்தமாக நக்கிவிட்டன. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூசாரி சொன்னதும் சிரிப்பு நின்றது. “தவிடு போச்சே. தவிடு இல்லாம மீக்கக் கூடாது. நல்ல நேரமும் முடியப்போவுது. நாலு வயசு ரெட்டப்பட, ஆவாது. இனிமே அஞ்சுலதான்.”

என் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப நான் கெளம்பறேன்” என்றார்.

இன்னும் இரண்டு வருஷம். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பிள்ளை அவளுடையது. மாதாமாதம் குறை கண்டுபிடித்தவளுக்கு ஐயனாரே பார்த்துக் கொடுத்த குறை இது. பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கொண்டையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து விரலால் கோதிக் கோதி, உதிர்ந்த தவிட்டை முந்தானையில் ஏந்தினாள். புருவத்தைத் துடைத்து அதையும் சேர்த்தாள். பிறகு முந்தானையைப் பூசாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“தவிடு வர்லன்னு யாரு சொன்னது? அவங் கையாலயே வாரி எந் தலமேல கொட்டிட்டான். நான் வாங்கிக்கினேன். போதுமா?”

பூசாரி தயங்கினார். “மனசாரக் குடுக்கறியாம்மா?”

அண்ணி முந்தானையில் இருந்த தவிட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நான் குடுத்தது கல்லும் உமியும். இவ சலிச்சி எடுத்தாந்துருக்கா” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “எடுத்துக்கோடி” என்றாள்.

அவசர அவசரமாகப் பயலை என் அண்ணன் மடியில் நாலு பேர் சேர்த்து அமுக்கினார்கள். தட்டார் இடது காதில் கம்பியை வைத்தார்.

“அம்மா!” என்று கத்தினான். இரண்டு கையையும் நீட்டினான். என் பக்கம் இல்லை. அண்ணியைப் பார்த்துத்தான் நீட்டினான். கம்பி ஏறி, கடுக்கன் மாட்டி, பிடித்தவர்கள் விட்ட பிறகும் நீட்டிக்கொண்டே இருந்தான். “அம்மா, தூக்கு” என்றான்.

அண்ணியின் கை தானாக முன்னால் வந்ததை நான் பார்த்தேன். அதை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். தவிடு கீழே கொட்டியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, ஆனால் அந்த வாட்டசாட்டமான குரல் கொஞ்சமும் குறையாமல் என்மேல் பாய்ந்தாள்.

“இன்னாடி வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? உம் புள்ள அழுவுது, தூக்கு.”